வெற்றிலைத் தட்டில் ஒரு ரூபாய்

1. கட்டாயமும் இஷ்டமும்

தன் கார் மோதி அறுப்புக்காரி தங்கம்மைக்குக் கால் போன செய்தியோடு அருணாசலம் பிள்ளை என் அறைக்கு வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை. 1930களின் தொடக்கம் அது. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மேஜை போட்டுக்கொண்டு, மதராஸில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நான் ஏஜெண்டாக இருந்தேன். பிள்ளையின் காருக்குப் பாலிசி எழுதியவன் நான்.

பிள்ளை கொட்டாரம் என்கிற ஊரில் வயல்காரர். தவணையில் கார் வாங்கியிருந்தார். இன்றைக்குப் போல அன்று எங்கள் திருவிதாங்கூரில் கார்க்காரர் இன்ஷூர் செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. கடன் கொடுத்த கம்பெனி மட்டும் ஒரு நிபந்தனை வைத்தது. கார் எரிந்தாலோ உடைந்தாலோ பணம் வருகிற மாதிரி பாலிசி இருக்க வேண்டும். ஆகக் கட்டாயமெல்லாம் காருக்குத்தான். கார் யார் மேலாவது மோதினால் அவர்களுக்குக் கம்பெனி பணம் கொடுக்கிற ‘தேர்ட் பார்ட்டி’ பாலிசி கார்ச் சொந்தக்காரரின் இஷ்டம். அதற்குத் தனி ப்ரீமியம்.

பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. "வே தேவதாசு, ரோட்டுல போறவனுக்கு நான் எதுக்கு ரூவா கெட்டணும்? ஹாரன் அடிச்சா அவன் ஒதுங்கப்படாதா?" என்றார்.

மூன்று தடவை நடந்து பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். ப்ரபோசல் பாரத்தில் கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கார் வாடகைக்கோ வேறு பிரதிபலனுக்கோ ஓடுமா? ஓடும் என்றால் அதற்கும் கூடுதல் ப்ரீமியம் உண்டு.

"என்னைய வாடகை வண்டிக்காரன்னு நெனச்சீரா?" என்று பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைக்கு வந்த ஆள் நழுவிவிடுவாரோ என்று எனக்குப் பயம். மேலே ஒரு வார்த்தை கேட்காமல் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

நானும் இந்த ஊரில் பிறந்தவன்தான். கார் வைத்திருப்பவர்கள் சொந்தத்தில் கல்யாணம் வந்தால் மாப்பிள்ளை போக வர காரைக் கொடுப்பார்கள். கல்யாண வீட்டார் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து அதன்மேல் ஒரு ரூபாயும் வைத்துக் கார்க்காரரிடம் நீட்டுவார்கள். வாங்காவிட்டால் அவர்களுக்குக் குறை. வைக்காவிட்டால் இவருக்குக் குறை. அந்த ரூபாயை வாடகை என்று யாராவது சொல்லியிருந்தால் அடிதடியே நடந்திருக்கும். அன்று அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

2. குளத்தங்கரை வளைவு

ஆவணி மாதம். ஒரு பக்கம் முகூர்த்தம், ஒரு பக்கம் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுப்பு. பிள்ளையின் கார் மருமகன் முறையுள்ள ஒரு பையனை மாப்பிள்ளைக் கோலத்தில் ஏற்றிக்கொண்டு போனது. தங்கம்மை தலையில் கதிர்க்கட்டோடு குளத்தங்கரை வளைவில் ஏறினாள். கதிர் தொங்கி முகத்தை மறைத்திருந்தது. டிரைவர் பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புருஷன் இல்லாதவள். இரண்டு பெண்பிள்ளைகள். அறுப்புக் கூலிதான் சோறு.

பிள்ளை அன்று நல்ல மனுஷராகத்தான் வந்தார். "நீரு அண்ணைக்கே சொன்னீருல்லா. அந்தப் பெண்ணுக்கு உள்ளத வாங்கிக் குடும், வே. எனக்கு ராத்திரி கண்ணடைக்க மாட்டேங்கு."

நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கம்மையிடம் வாக்குக் கொடுத்தேன். கம்பெனி பணம் தரும், பயப்பட வேண்டாம் என்றேன். கம்பெனிக் கடுதாசி வருவதற்கு முன்னால் வாக்குக் கொடுக்க எனக்கு என்ன அதிகாரம்? ஒன்றும் கிடையாது.

"நெசந்தானா ஐயா?" என்றாள். "கிட்டுச்சுன்னா எனக்க மூத்தவளுக்கு ஒரு தையல் மிஷின் வாங்குவேன். அவளாவது வயல்ல எறங்காம இருக்கட்டும்."

3. நான் எழுதிய ஒரு வரி

கிளெயிம் பாரத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. இந்தப் பயணத்துக்காகப் பணமாகவோ பொருளாகவோ ஏதாவது பெறப்பட்டதா? பிள்ளையைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"தட்டத்துல ஒரு ரூவா வச்சுத் தந்தாவ. முறையாட்டுத் தந்தாவ. அதை இல்லைன்னு எழுதப்படாது வே, மங்கல காரியம்."

மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வழக்கப்படி வெற்றிலையோடு ஒரு ரூபாய் என்று இங்கிலீஷில் அழகாக எழுதினேன். உண்மையாக எழுதினால் பாரத்துக்கு மதிப்புக் கூடும் என்று நினைத்த முட்டாள் நான்.

மதராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பாரத்தை மேஜைமேல் வைத்து, நான் எழுதிய வரியில் விரலை வைத்தார்.

"உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர் வேணா இருக்கட்டும் மிஸ்டர். வண்டி ஓடியிருக்கு, ரூபா கை மாறியிருக்கு. வாடகைக்கு ஓடாதுன்னு எழுதி வாங்கின பாலிசியில இது சேராது."

"அது மரியாதைக்கு வைக்கிறது சார்."

"மரியாதைக்குன்னு தனிக் கட்டம் எதுவும் பாலிசியில கிடையாதே."

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. தங்கம்மைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நசுங்கிய மட்கார்டுக்கும் உடைந்த ஹெட்லைட்டுக்கும் பெரிய மனசு பண்ணிப் பணம் அனுப்பியிருந்தார்கள். பிள்ளைக்குக் கடன் கொடுத்த கம்பெனி எங்கள் கம்பெனிக்கு நிறைய பாலிசி பிடித்துக் கொடுக்கிற கம்பெனி. அதன் மனம் கோணக்கூடாது. தங்கம்மையின் மனம் கோணினால் யாருக்கு என்ன?

பிள்ளையிடம் கடிதத்தைப் படித்துக் காட்டி, நீங்களாவது ஏதாவது செய்ய வேண்டும் என்றேன். முன்பெல்லாம் ஒருவர் மாடு இன்னொருவரை முட்டிவிட்டால் ஊருக்குப் பயந்தாவது நெல் அளப்பார்கள். பாலிசி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் பிள்ளையும் இரண்டு கோட்டை நெல்லாவது அளந்திருப்பார். இப்போது அவர் கையில் கம்பெனியின் கடிதம் இருந்தது.

"இம்புட்டுப் படிச்ச கம்பெனியே இல்லைன்னு எழுதியாச்சு. அதுக்கு மேல நான் எதுக்கு வே குடுக்கணும்? ப்ரீமியம் கெட்டுனேம்லா?" என்றார். ராத்திரி கண்ணடைக்கவில்லை என்று சொன்ன அதே மனுஷர்.

4. தங்கம்மை கேட்டது

அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு எட்டு நாள் ஆயிற்று. கம்பு ஊன்றி வாசலில் நின்றாள். முழுதும் கேட்டுவிட்டு அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருக்கலாம்.

"அந்த ஒத்த ரூவாய எழுதுனது ஆரு, ஐயா?"

"நான்தான்."

"சரி," என்று உள்ளே போய்விட்டாள். மறு அறுப்புக்கு மூத்த மகள் வயலில் இறங்கினாள்.

பின்னால் சட்டம் வந்தது. இன்றைக்குத் தேர்ட் பார்ட்டி இல்லாமல் காரை ரோட்டில் இறக்க முடியாது. நல்லது. ஆனால் பாரத்தில் அந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை அச்சடித்திருக்கிறபடி வாசித்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். கல்யாணத்துக்குக் கார் கொடுப்பீர்களா, தட்டில் என்ன வைப்பார்கள் என்று கேளுங்கள். கார்க்காரர் கோபித்தால் கோபிக்கட்டும். வேண்டிய கூடுதல் ப்ரீமியத்தைச் சேர்த்து எழுதுங்கள். வேலையை விடும்வரை நான் எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்டேன். பைத்தியக்காரன் என்று சிரித்தார்கள்.

எல்லா வீட்டிலும் என்றது பொய். மறு வருஷம் பிள்ளை ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் தேர்ட் பார்ட்டி வேண்டாம், காருக்கு மட்டும் போதும் என்றார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துக் கமிஷனை வாங்கிக்கொண்டேன்.