எல்லாத் தூணுக்கும் ஒரே உயரம்

சமவெளியில் பிறந்தவர்கள் இந்தத் தப்பைச் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். சந்தனம் ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவள் வீட்டு முன்வாசலுக்கு இரண்டு படி, பின்வாசலுக்குப் பதினொரு படி. மலையில் தரை சரிந்துதான் கிடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படித்து முடித்து, பாலக்காட்டில் ஸ்ரீஜா நடத்தும் கட்டட டிசைன் ஆபீஸில் சேர்ந்தாள். தூண் தூணாக அளவைப் பார்த்து அட்டவணை தட்டுவது அவள் வேலை. அது சலித்துப்போய், டிசைன் சாஃப்ட்வேருக்குள்ளேயே ஓடுகிற சின்ன புரோகிராம் எழுத வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் பட்டனை அழுத்தினால் 'வணக்கம்' என்று ஒரு பெட்டி வந்தது. அதற்கே அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதம் அது தூண்களை எண்ணியது. மூன்றாம் மாதம், எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி, என்ன தடிமன் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தது. நல்லேப்பிள்ளியில் வயலோரம் கட்டிய ஒரு வீட்டை வைத்துச் சோதித்தாள். கையால் போட்ட கணக்கோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. "இனி இதுலேயே போட்டுடலாம்" என்று ஸ்ரீஜா எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

அதே புரோகிராமில்தான் ராமலட்சுமி அத்தை வீட்டுக்கும் போட்டாள். சொந்த அத்தை இல்லை. லயத்தில் அடுத்த வீடு, அம்மாவோடு கொழுந்து பறித்தவர். ரிட்டயரானதும் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதால், ஏலப்பாறைக்குக் கீழே ஒரு சரிவில் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். "நம்ம சந்தனம் போட்ட பிளானு" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மதியம் வேறு வேலைக்காகப் புரோகிராமைத் திறந்தபோது அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. முதல் தூணின் உயரத்தை எடுத்து எல்லாத் தூணுக்கும் அதையே வைத்துக்கொள்கிற வரி. வயலோரத்துச் சமதரையில் அது சரி. அத்தை வீட்டில் பள்ளத்துப் பக்கத்து நான்கு தூண்களும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு உயரம். அந்த உயரத்துக்கு அவள் கொடுத்த தடிமனும் போதாது, கம்பியும் போதாது. பதினொரு படி ஏறி வளர்ந்தவள் எழுதிய வரி அது.

சாயங்காலம் அத்தைக்குப் போன் செய்தாள்.

"இன்னைக்குத்தான் தூணுக்குக் கம்பி கட்டி முடிச்சாங்க தாயி. நாளைக்குக் காலைல கான்கிரீட்டு" என்றார் அத்தை.

"சாப்பிட்டீங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஸ்ரீஜாவின் பாராட்டு வாயை அடைத்துவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பாதி உண்மை. மீதி, சுத்தக் கோழைத்தனம்.

செவ்வாய் முழுக்கச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை தாங்க முடியாமல் ஸ்ரீஜாவிடம் சொன்னாள். அட்டவணையில் கையெழுத்துப் போட்டவர் அவர். ஆனாலும் திட்டவில்லை. உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னார். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறினார்.

செவ்வாய்க்கிழமை போட்ட கான்கிரீட் இறுகிவிட்டதால் நான்கு தூண்களையும் உடைக்கத்தான் வேண்டியிருந்தது. சந்தனம் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னாள். தப்பை எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்த்தாள் என்பது வரைக்கும்.

அத்தை உடைபடும் தூணிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ போன் பண்ணும்போதே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அன்னைக்கு வெறும் கம்பிதான நின்னுச்சு" என்றார் அத்தை. "நான் சாப்பிட்டாச்சுன்னேன். நீ வச்சுட்ட."