நாற்பது நிமிடம்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது பத்து நிமிட வேலை. அவளுக்கு எட்டே போதும். அன்றைக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஆனது.

பழைய கண்ணாடி உடைந்துபோய் வந்தவர் அவளுடைய அப்பா. அவளோடு பதினோரு வருடமாகப் பேசாதவர். லென்ஸ் தேய்க்கிறவர் ஒருவரை அவள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள், அதுதான் குற்றம். பையன் தங்கமானவன் என்று அப்பாவே விசாரித்துத் தெரிந்துகொண்டார். சாதி தெரிந்ததும் தங்கம் தகரமாகிவிட்டது. "என் மக செத்துட்டா" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு அவர் பேப்பர் படிக்கப் போய்விட்டார். செத்தவளோ தினமும் காலையில் எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனாள்.

மகளும் மருமகனும் எந்தக் கடையில் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்திருந்தால் இப்படி வந்து மாட்டியிருக்க மாட்டார். "உள்ள வாங்க" என்ற குரலைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேருக்காக மகளைத் தலைமுழுகியவர், இப்போது நாலு பேருக்காகவே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கதவைச் சாத்திவிட்டு, சோதனைக் கண்ணாடியை அவர் காதுகளில் மாட்டினாள். சின்ன வயதில் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தோளில் உட்கார்ந்திருப்பாள்.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி வச்சது தெளிவா இருக்கா?"

"முன்னாடி வச்சது." பதில் சுவரைப் பார்த்து வந்தது. ஆனாலும் வந்தது.

ஆறாவது லென்ஸிலேயே சரியான பவர் கிடைத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. போட்டதைக் கழற்றி, கழற்றியதையே மறுபடி போட்டாள்.

"இப்ப?"

"அதேதான்."

"கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க."

படித்தார். எழுத்து சரியா தப்பா என்று யார் கவனித்தார்கள்! அந்தக் குரல்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. கேட்டால் எழுந்துவிடுவாரோ என்று பயந்து, இன்னொரு லென்ஸைப் போட்டாள். அப்பா ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை.

மறுநாள் பின்னறையில் அவள் கணவர் அந்த லென்ஸைத் தேய்த்தார். விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"நான் செஞ்சதுன்னு தெரிஞ்சா போட மாட்டாரு. வேற யாராவது செஞ்சாங்கன்னு சொல்லிடு."



மூன்றாம் நாள் அப்பா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாயாடி," என்றார் மெல்ல. "முடியெல்லாம் நரைச்சுப் போச்சே உனக்கு."

பதினோரு வருடமாக அந்தப் பேரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

பின்னறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அப்பாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

"இத யாரு தேச்சது?"

ஒரு பொய் போதும். அப்பா கிடைத்துவிடுவார். அடுத்த வாரமே அம்மாவைப் பார்க்கலாம். ஆனால் பின்னறையில் இருப்பவரை மறைத்துவைத்துத்தானே அந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டும்.

"அவருதாம்ப்பா. உள்ளதான் இருக்காரு. கூப்பிடவா?"

மெஷின் நின்றது.

அப்பா அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் வைத்துவிட்டு, கதவைத் தடவிக்கொண்டு வெளியே நடந்தார்.

"ரெண்டு படி இருக்குப்பா, பாத்து."

அவர் ஒரு கணம் நின்றார். காலால் தடவிப் படியைக் கண்டுபிடித்து இறங்கினார். திரும்பவில்லை.

கணவர் வெளியே வந்தார். மேஜையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். கழற்றிய அவசரத்தில் வலது லென்ஸில் அப்பாவின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. துடைக்கத் துணியை எடுத்தார்.

ஒரு நாளைக்கு நூறு கண்ணாடி துடைக்கிறவள் அவர் கையைப் பிடித்தாள்.

"அத மட்டும் துடைக்காதீங்க."