பிரெஞ்சுக்காரரும் கோதுமை மாப் பசையும்

அறுபதுகளில் மட்டக்களப்பில் விஞ்ஞான நாவல் வாசித்தவன் என்று மார்தட்டிக்கொள்ள ஒரே ஒருவன்தான் இருந்தான். அது நான். சித்தாண்டியில் படிப்பித்துவிட்டு, சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வாவிக்கரையிலிருந்த கத்தோலிக்கப் பங்குக் கோயில் வாசிகசாலைக்குப் போவேன். ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் நாவல் அங்கே ஆங்கிலத்தில் கிடைத்தது.

எங்கள் இலக்கியச் சங்கம் சஞ்சிகை தொடங்கவிருந்தது. அதற்கு ஒரு விமர்சகர் தேவை. நானும் இன்னொரு ஆசிரியரும் ஆளுக்கொரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும், நன்றாகப் பேசியவருக்குப் பதவி. அந்தப் பதவிமேல் எனக்கு வெட்கங்கெட்ட ஆசை.

நாவலில் ஓர் ஆணும் பெண்ணும் செவ்வாயில் போய் இறங்குகிறார்கள். அடுத்து அட்டைபோல் தடித்த ஒரு தாள். அதைப் புரட்டினால் தொட்டிலில் பிள்ளை. முன்பக்கத்தில் எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பும் நாலு வரியோடு நின்று, தடித்த தாள் வந்தது. வெளிநாட்டில் புத்தகம் இப்படித்தான் கட்டுவார்களாக்கும் என்று நினைத்தேன். பக்க எண் குதித்ததைக் கவனிக்கவில்லை. எனக்குக் கணக்கு எப்போதும் தூரம்.

மேடையில் வெளுத்துவாங்கினேன். குறிப்பில் மனைவி மக்கள் பேச்சே இல்லாததால் அவரைப் பிரமச்சாரியாக்கினேன். தாயைத் தொந்தரவு செய்யாமல் விஞ்ஞானமே பிள்ளை தரும் காலத்தைக் கண்ட தீர்க்கதரிசி என்றேன். முன்வரிசையில், வாசிகசாலையை நடத்திய பங்குச் சுவாமி கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். உருகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பதவியும் எனக்கே கிடைத்தது.

கூட்டம் கலைந்ததும் சுவாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மாஸ்டர், அது தடிச்ச தாள் இல்ல. ஆகாத பக்கங்கள நான்தான் கோதுமை மாப் பசை கிண்டி ஒட்டிவைக்கிறனான். அந்தப் பிள்ளை எல்லாரும் பெறுற மாதிரித்தான் பிறந்தது. உங்கட பிரமச்சாரி மூண்டு கலியாணம் முடிச்சவர்.”

ஒருவருக்கும் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினேன்.

“ஓம், சொல்லமாட்டன். எனக்கு இப்ப கண்ணும் வடிவாத் தெரியுதில்ல. புதுசா ஒரு பெட்டி புத்தகம் வந்திருக்கு. இனி நீங்கதான் வாசிச்சுப் பாத்து ஒட்டித் தரவேணும்.”

ஒட்டினேன். வருஷக்கணக்காக ஒட்டினேன். எழுத்தாளனின் சுதந்திரம் பற்றிச் சஞ்சிகையில் மாதாமாதம் முழங்கிவிட்டு, சனிக்கிழமை போய்ப் பசை கிண்டினேன். சஞ்சிகையில் கட்டுரையாக வந்த என் மேடைப் பேச்சைப் படித்தவர்கள் அந்த நாவலைத் தேடி வந்து, தடித்த தாளைத் தடவிப் பார்த்து, என்ன அருமையான உத்தி என்று வியந்தார்கள். பக்கத்தில் நின்று தலையாட்டினேன். விரலில் பசை இன்னும் காயவில்லை.