முட்டி போடாத டைல்ஸ்காரர்

குடை முனையால் தரையைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்க்கிறார் டைல்ஸ்காரர். ‘டக்’ என்றால் நகர்ந்துவிடுவார். ‘டொப்’ என்றால் நின்ற இடத்திலிருந்தே திட்டு விழும். “மாப்ள, அடியில கலவையே இல்ல. காத்துமேலயா ஒட்டின? பேத்து எடு.”

தரையில் முட்டி போட்டுக் கல் பதிக்கும் மச்சினனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. “நின்னுக்கிட்டு சொல்றது ஈஸி மாமா” என்று முனகியபடி பெயர்ப்பார்.

முப்பது வருடம் டைல்ஸ்காரரும் முட்டி போட்டவர்தான். யார் வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்க்கும் முன் தரையைப் பார்ப்பார். மகள் கல்யாணத்தில்கூட மண்டபத்தின் ஓரக்கல் கோணலாக இருப்பதைத்தான் கவனித்தாராம். “பொண்ணு அழுவுது, இவரு ஒரு கண்ண மூடிக்கிட்டு மட்டம் பாக்குறாரு” என்று அவர் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் வலது முட்டி மடங்கிய வாக்கில் மாட்டிக்கொண்டது. உள்ளே பிறை வடிவில் மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு கிழிந்து, ஒரு பகுதி தேய்ந்தே போயிருந்தது. டாக்டர் அந்த இடத்தில் பஞ்சுபோன்ற ஒரு சின்னத் துண்டை வைத்துத் தைத்தார். “சாரம் மட்டும்தான் நாங்க கட்டியிருக்கோம். அதுமேல ஜவ்வு வளக்கவேண்டியது உங்க உடம்பு. ஆறு மாசம் முட்டி போடக்கூடாது.” மனைவி கருவிப் பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த நான்காவது மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அவளுக்கு நோய் முற்றியிருந்த சமயம். அது இரண்டாவது முறை. சொரசொரப்பான கல் பதிக்க வேறு ஆள் கேட்கத்தான் அவருக்குப் போன் செய்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

“அக்கா விழுந்துட்டாங்களா? நானே வரேன் சார்.”

“உங்க கால்?”

“வலியே இல்ல சார். செட் ஆயிடுச்சு.”

புதுத் தரையில் யாராவது கால் வைத்தால், “மேல காஞ்சா போதுமா? அடி காய வேணாமா?” என்று கத்துகிறவர் இவர். அது தெரிந்தும் நான் கதவைத் திறந்துவிட்டேன்.

வீட்டில் உடற்பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இரவல் கருவிகளோடு வந்தார். மடித்த சாக்கின்மேல் அரை நாள் முட்டி போட்டார். “தம்பி, போதும், எந்திரிங்க” என்று படுக்கையிலிருந்து என் மனைவி இரண்டு முறை சொன்னாள். முடித்து எழுந்தவர் குழாயைப் பிடித்தபடி வெகுநேரம் அசையாமல் நின்றார்.

அந்தத் தரையில் அவள் பத்தொன்பது நாள் நடந்தாள். ஒருமுறைகூட விழவில்லை. பிறகு அந்தத் தரை அவளுக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த மாதம், முட்டி வலி தாங்காத அவரையும் அவர் மனைவியையும் ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வைத்த துண்டு தையலோடு பிய்ந்திருந்தது. இனி மறுபடி வைக்க இடமில்லை என்றார்.

“முட்டி போட்டீங்களா?”

“நான் விடவே இல்ல டாக்டர்” என்றார் மனைவி, பதறிப்போய்.

“பஸ் படியில வழுக்கிட்டேன் டாக்டர்” என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில், சிமெண்டில் காய்ந்து வெடித்த ஒரு கை என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தது. டாக்டர் சீட்டு எழுதி முடிக்கும்வரை அது விடவில்லை.