ரூம்காரரின் முதல் கேள்வி

"இந்த ஊர்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ரூம்காரர் கேட்கிறார். தங்க இடம் கேட்டவரிடம் சொந்தபந்தத்தை விசாரிக்கும் புரோக்கரை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. அந்தப் பக்கம் யாராவது வாய்தவறி, "சித்தப்பா வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. "அப்ப அங்கயே போங்களேன். லாட்ஜ்காரனுக்கு எதுக்குக் காசை அழுவுறீங்க?" என்று, தேடி வந்த வியாபாரத்தை அவரே வழியனுப்பி வைத்துவிடுவார்.

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் அவர் அலுவலகத்துக்கும் நடுவில் தோளுயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தும்மினால் என் கடைக் கண்ணாடிகள் அதிரும். ஆகவே நான் ஒட்டுக்கேட்பதாக யாரும் பழிபோட வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு நான் வியாபாரம் பார்க்க முடியாது.

எங்கள் ஊர் பெரிய ஊர். ஒரு கோடியிலிருந்து மறுகோடி போய்ச் சேர்வதற்குள் சாப்பிட்டது செரித்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்கே பெரிய கால்பந்துத் தொடர் நடக்கும். அப்போது வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே அறை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். ரூம்காரர் விடமாட்டார்.

"மேட்ச் முடிஞ்சா சுத்துப்பட்டு ரோடு பூரா அடைச்சுடுவாங்க சார். உங்க லாட்ஜ் கண்ணு முன்னாடி நிக்கும், ஆனா போய்ச் சேர முடியாது. ரயில் கிளம்புற ஸ்டேஷன் பக்கம் தங்குங்க. தூரம்தான். ஆனா சீட் கெடைக்கும், உக்காந்துக்கிட்டே போலாம்."

தான் படுத்துப் பார்க்காத அறையை அவர் யாருக்கும் சொல்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தெருச் சத்தம் எவ்வளவு கேட்கிறது, குழாய் ஒழுகுகிறதா, பக்கத்து அறைப் பேச்சு வருகிறதா என்று காது கொடுப்பார். ஒரு லாட்ஜ் மேனேஜர், மனிதர் அசந்து தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் போனதும் உண்டு.

அந்த முதல் கேள்வி மட்டும் முன்பு இல்லை. போன தொடருக்குப் பிறகு வந்தது.

அவருக்கு ஒரே மகள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று இவர் சொன்னார். அவளும் மிதிக்கவில்லை. வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தையே கிடையாது. போன தொடரின்போது, அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லாத ஒரு முற்பகலில், அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, நாங்க ரெண்டு பேரும் மேட்ச் பாக்க வரோம். எங்க தங்கினா நல்லா இருக்கும்?"

இவருக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கும் கொடுக்காமல் பொத்திவைத்திருந்த அறை ஒன்று இருந்தது. ஆற்றைப் பார்த்த ஜன்னல், சத்தமில்லாத மாடி. அதையே அவளுக்குப் பிடித்துக் கொடுத்தார். எந்த ரயில் ஏற வேண்டும், எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்பதுவரை சொன்னார். மகளுக்கு ஊரிலேயே நல்ல அறையைக் கொடுத்துவிட்ட பூரிப்போடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நம்ம வீட்டு மாடி ரூம் சும்மாதானே கெடக்கு," என்றாளாம் மனைவி. "அவ லாட்ஜையா கேட்டா?"

கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார். "பரவால்லப்பா. நீங்க பாத்துக் குடுத்த ரூம்தானே, நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். வந்தாள், அந்த அறையில் தங்கினாள், மேட்ச் பார்த்தாள், ஊருக்குப் போய்விட்டாள்.

"வாய் தொழிலுக்குப் பழகிப்போச்சுங்க," என்று என்னிடம் சொன்னார். "பெத்த பொண்ணு கேக்குறா, கஸ்டமருக்குச் சொல்ற மாதிரியே சொல்லிட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. "இப்பவாவது நீங்க கூப்பிடுங்களேன்!" என்றேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?" என்றார். அந்த வீம்பையும் அந்த வருத்தத்தையும் ஒரே ஆளிடம் பார்க்கும்போது எனக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதோ, அடுத்த தொடர் வந்துவிட்டது. அவர் மேஜைத் தொலைபேசி ஓயவில்லை. பெண் குரல் கேட்டால் மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுகிறார். யாரென்று தெரிந்ததும் உட்கார்ந்துகொள்கிறார். நேற்றும் அப்படித்தான் எழுந்தார். யாரோ ஒரு பெண். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ரூம்காரர் உட்கார்ந்துகொண்டு தன் கேள்வியைக் கேட்டார்.

"அப்பா இருக்காரு," என்றாள் அவள். கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அங்க போறதா இல்ல. நீங்களே எங்கயாவது ஒரு ரூம் பாத்துச் சொல்லுங்க."

ரூம்காரர் மறுபடியும் எழுந்தார். அவருக்குப் பின்னால் கரும்பலகை. அன்று காலியாக இருக்கிற அறைகளை அவரே காலையில் சாக்பீஸால் மேலிருந்து கீழ்வரை எழுதியிருந்தார்.

"ஒரு ரூம்கூட இல்லம்மா," என்றார். "ஊர் முழுக்க ஃபுல்."

சொல்லிவிட்டு, அந்தப் பெண் நேரில் வந்து பார்த்துவிடப் போகிறாள் என்பதுபோல, நகர்ந்து போய்ப் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.