கெஞ்சாத மனு

‘கருணை கூர்ந்து’ என்ற சொற்களின் மேல் பென்சில் கோடு விழுகிறது. அடுத்து ‘தங்கள் பொற்பாதம்’. அதற்கடுத்து ‘ஏழை எளியேன்’. பேராசிரியர் பிரியம்வதா நாற்காலியில் உட்காரவே இல்லை. மேஜையில் ஒரு கையை ஊன்றி நின்றபடி அடித்துக்கொண்டே போகிறார். மனுவை எழுதிய மாணவன் அசோக்குமார், தன் பிள்ளைக்கு மொட்டையடிப்பதைப் பார்த்து நிற்கும் தகப்பனைப் போலப் பக்கத்தில் விழித்துக்கொண்டிருக்கிறான்.

“யாருகிட்டடா கருணை கேக்குற?”

“தாசில்தார்கிட்ட மேடம்.”

“அவர் சம்பளம் வாங்குறாரா, தர்மத்துக்கு வேலை பாக்குறாரா?”

“வாங்குறார் மேடம்.”

“அப்பக் கேட்டவங்களுக்கு ரேஷன் கார்டைக் குடுக்கச் சொல்லி எழுது. கருணை மிச்சமிருந்தா அவர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.”

மதுரையில் ஒரு சட்டக் கல்லூரியில் பிரியம்வதா கற்றுக்கொடுப்பது எழுத்தை. வழக்குரை, மறுப்புரை, அறிவிப்பு, மனு என்று காகிதத்தில் வாதாடி, படிப்பவரைச் சம்மதிக்க வைக்கும் கலை. சனிக்கிழமைகளில் அதே மாணவர்களைச் சமயநல்லூருக்கு வரவழைத்துவிடுவார். அங்கே பழைய நூலகக் கட்டடத்தின் ஓர் அறையில் கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையம் நடக்கிறது. விளாங்குடியில் இருக்கும் அவர் வீட்டுக்கும் அந்த அறைக்கும் அதிக தூரமில்லை. “வகுப்புல எழுதுற மனுவுக்கு மார்க்கு வரும். இங்க எழுதுற மனுவுக்குத் தண்ணி வரும், இல்லைன்னா வராது” என்பார்.

நம் மனுக்களின் மொழியைப் போல வெட்கங்கெட்ட மொழி வேறு எந்த நாட்டிலாவது இருக்குமா என்பது சந்தேகம். மன்னர்கள் போனார்கள், வெள்ளைக்காரன் போனான், வாக்குச்சீட்டும் அரசியல் சட்டமும் வந்தன. மனுவில் மட்டும் குடிமகன் இன்னும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறான். வரி கட்டுகிறவன் காலில் விழுகிறான், அந்த வரியில் சம்பளம் வாங்குகிறவன் ஆசீர்வாதம் செய்கிறான். பிரியம்வதாவின் பென்சில் இத்தனை காலமாகக் கோடு போட்டுக்கொண்டிருப்பது இந்தக் கும்பிடுகளின் மேல்தான்.

அவருடைய அப்பா பிச்சுமணி ஒரு கோயிலில் அர்ச்சகராக இருந்தவர். அதைச் சொல்ல பிரியம்வதா கூச்சப்படுவதில்லை. “எங்கப்பா யாருக்கும் புரியாத பாஷையில சாமிகிட்டப் பேசுவார். சாமி ஒருநாளும் திருப்பிக் கேள்வி கேட்டதில்ல. ஆபீசர் கேப்பார். அதனால புரியுற மாதிரி எழுதுங்க” என்பது புது மாணவர்களுக்கு அவர் தரும் முதல் பாடம்.

மனுத் தாக்கலுக்கு அவர் விரும்பிப் போகும் நேரம் ராகு காலம். கொள்கைப் பிரசாரம் ஒன்றுமில்லை. “அப்பத்தான் கவுன்டர்ல கூட்டம் இருக்காது. ஊர்ல பாதிப் பேர் நமக்காக ஒதுங்கி நிக்கிறான், நாம ஏன் வேண்டாங்கணும்?” முதலில் முகம் சுளித்த மாணவர்கள் இப்போது செல்போனில் ராகு காலம் பார்த்துவிட்டு, “மேடம், கிளம்பலாம், நல்ல நேரம் வந்துருச்சு” என்கிறார்கள்.

சட்ட உதவி மையத்தில் ஒரு விதி உண்டு. வந்தவர் பேசும்போது மாணவர் கையில் பேனா இருக்கக் கூடாது. பேனா பைக்குள் போக வேண்டும். வந்தவர் பேசி முடித்ததும், கேட்டதை அவர் முகத்தைப் பார்த்து மாணவர் திருப்பிச் சொல்ல வேண்டும். “ஆமா, அப்படித்தான்” என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகே பேனா வெளியே வரலாம். இதைச் சுற்றிவளைத்த வேலை என்று சக பேராசிரியர்கள் கேலி செய்வார்கள். பிரியம்வதா சிரித்துக்கொள்வார்.

இந்த விதியை ஒரு சனிக்கிழமை கூட்டம் அதிகமாக இருந்தது என்பதற்காக அசோக்குமார் மீறினான். அன்று வந்தவர் சின்னத்தாய்.

சின்னத்தாயின் தெரு ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. ஒதுக்குப்புறம் என்றால் எந்தச் சாதியாரை ஒதுக்கிய புறம் என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தத் தெருவிலிருந்து திண்டுக்கல் சாலைக்கு வர ஒரு பாதை உண்டு. அது ஒருவருடைய புஞ்சைக்குள் புகுந்து போகிறது. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் சுடுகாட்டுக்கும் அந்தத் தெருக்காரர்களுக்கு அதுதான் வழி. புஞ்சைக்காரர் இறந்த பின் மகன் பாண்டிராஜ் நிலத்தை மனைகளாகப் பிரித்துக் கல் ஊன்றி, பாதையின் குறுக்கே முள்கம்பி இழுத்துவிட்டார். போன மாதம் சின்னத்தாயின் கணவர் பேயாண்டிக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஆம்புலன்ஸ் சாலையில் நின்றது. அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரையைச் சுற்றி ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னொரு முறை வலி வந்தால் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை.

அசோக்குமார் சீனியர் ஒருவரின் பழைய மனுவை எடுத்துவைத்துப் பாதியைப் பார்த்து எழுதினான். மனு கோட்டாட்சியர் முன் விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதிலிருந்து ஒரு வரியை உரக்கப் படித்தார்: ‘மேற்படி பாதையை நாங்கள் காலங்காலமாகச் சமாதானமாகவும் இடையூறின்றியும் அனுபவித்து வருகிறோம்.’

“இப்படித்தானம்மா எழுதிக் குடுத்திருக்கீங்க?”

சின்னத்தாய் திகைத்துப்போனார். “யாரு சமாதானமா விட்டா? அம்புட்டு நாளும் வஞ்சாகளே! இவுக அப்பா வரப்புல நின்னுக்கிட்டு வைவாரு. செருப்பைக் கையில எடுத்துட்டு நடங்கம்பாரு. ஏச்சு வாங்காம அந்த வழியில ஒருநா நடந்ததில்லய்யா.”

வக்கீல் புன்னகை செய்தார். மனு ஒன்று சொல்கிறது, மனுதாரர் வேறொன்று சொல்கிறார் என்று பதிவு செய்யச் சொன்னார். முரண்பாட்டை விளக்கிக் கூடுதல் வாக்குமூலம் தரும்படி கோட்டாட்சியர் வாய்தா போட்டார். கம்பி அப்படியே கிடந்தது.

மறு சனிக்கிழமை அசோக்குமார் ஒரு யோசனையோடு வந்தான். “மேடம், அந்தம்மா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். சமாதானமாத்தான் நடந்தோம்னு இந்தத் தடவை சொல்லிக் குடுத்துருவோமா?”

பிரியம்வதாவின் குரல் அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. “வாழ்நாள் பூரா அவங்க வாங்கின ஏச்சை நீ ஒரு வரியில அழிச்சிருவியா? அந்த ஆள் வரப்புல நின்னு செஞ்ச அக்கிரமத்தை நீ காகிதத்துல செய்வியா?” பிறகு மனுவின் நகலைக் கையில் எடுத்தார். “உன்னைய மட்டும் சொல்லிக் குத்தமில்ல. அந்த மனுவை நானும்தான் படிச்சேன். பொற்பாதத்தை அடிச்சேன், இந்த வரியை விட்டுட்டேன். ஆயிரம் மனுவுல பாத்த வரி. கண்ணு அது மேலயே நிக்கல.”

சின்னத்தாயை மறுபடி அழைத்து உட்கார வைத்தார்கள். எல்லாப் பேனாக்களும் பைக்குள் போயின. இம்முறை பிரியம்வதாவே கேட்டார்.

“அவர் வையும்போது நீங்க என்ன செய்வீங்க?”

“நடப்போம்.”

“திரும்பிப் போகச் சொல்ல மாட்டாரா?”

“சொல்லுவாரு. அவரு வாயும் நின்னதில்ல, எங்க காலும் நின்னதில்ல.”

“போகலாமான்னு அவர்கிட்டக் கேட்டதுண்டா?”

“வையிற மனுசங்கிட்ட என்னத்த டீச்சரம்மா கேக்குறது? எங்க வழி, நாங்க போறோம்.”

பிரியம்வதா மாணவர்கள் பக்கம் திரும்பினார். அவர் கண்கள் பளிச்சிட்டன. “பாதை உரிமைக்குச் சட்டம் என்ன கேக்குது? அடிதடியில்லாம, ஒளியாம நடந்திருக்கணும். நிலத்துக்காரனுக்குத் தெரிஞ்சு நடந்திருக்கணும். அவன் அனுமதியில நடந்திருக்கக் கூடாது, தன் உரிமைன்னு நடந்திருக்கணும். தடைபடாம நடந்திருக்கணும். இப்ப யோசிங்க. ஒளிஞ்சு போறவங்களை யார் வைவா? அனுமதி குடுத்தவன் எதுக்கு வையப் போறான்? நிறுத்த முடிஞ்சவன் ஏன் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறான்? அந்தப் பெரிய மனுஷன் நமக்காகத் தினமும் வரப்புல நின்னு சாட்சி சொல்லிருக்கான்டா!”

இத்தனை காலம் அவமானமாக மட்டும் இருந்த ஒன்று, அந்த அறையில் ஆதாரமாக எழுந்து நின்றது. எழுத்தால் ஒருவரைச் சம்மதிக்க வைப்பது என்றால் வார்த்தை ஜாலம் என்று நினைக்கிறவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

புது வாக்குமூலத்தை அசோக்குமாரே எழுதினான். ‘நாங்கள் அந்தப் பாதையில் பகலில் நடந்தோம். நிலத்துக்காரர் பார்த்தார். வைதார். செருப்பைக் கழற்றச் சொன்னார். நாங்கள் நின்றதில்லை. அவரிடம் அனுமதி கேட்டதும் இல்லை.’ படித்துக் காட்டியதும் சின்னத்தாய் தலையாட்டினார். “இது நான் பேசுனது.” அவன் வகுப்புத் தோழன் முத்திருளன் எட்டிப் பார்த்து, “என்ன மாப்ள, பொற்பாதத்தைக் காணோம்? செருப்புதான் கெடக்கு” என்றான். சின்னத்தாய்தான் முதலில் சிரித்தார்.

இரண்டாவது விசாரணை. முழுநேரப் பேராசிரியர் என்பதால் பிரியம்வதா அங்கே வாதாட முடியாது. மாணவர்களும் முடியாது. கடைசி பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பழைய இடத்திலேயே பிடித்தார்.

“சுத்தி வளைக்காம ஒரு வார்த்தையில சொல்லுங்க. சமாதானமா நடந்தீங்களா, சண்டையா?”

சின்னத்தாய் மெல்லத் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

பிரியம்வதா எழுந்தார். விறுவிறுவென்று வெளியே போய், கதவுக்கு முதுகைக் காட்டி வராந்தாவில் நின்றுகொண்டார். அசோக்குமார் பதறிப் பின்னால் ஓடினான். “மேடம், உங்களைத்தான் தேடுறாங்க!”

“தேடட்டும். என் முகத்தைப் பாத்துச் சொன்னா அது என் பதிலாப் போயிரும்.”

அவர் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து சின்னத்தாயின் குரல் வந்தது. முதலில் தணிந்து, போகப் போக உயர்ந்து.

“ஒத்த வார்த்தையில அடங்குற கதையாய்யா இது? அவுக வஞ்சாக, நாங்க நடந்தோம். நாளும் வஞ்சாக, நாளும் நடந்தோம். அம்புட்டுத்தேன்.”

நாற்காலி நகரும் சத்தம். பாண்டிராஜ் கத்தினார்: “அதான சார் நானும் சொல்றேன்! எங்கப்பா எம்புட்டு வஞ்சும் கேக்காம அதே வழியாத்தான போனாக, வந்தாக! வேற வழியில்லாமத்தான வேலியே போட்டேன்!”

வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கங்க” என்றார் கோட்டாட்சியர் எழுத்தரிடம். பிறகு, இடத்தை இன்றைக்கே பார்க்கப் போவதாகவும், இறுதி உத்தரவு வரும்வரை ஆட்கள் நடக்கிற அளவுக்குக் கம்பியை இப்போதே அவிழ்க்க வேண்டும் என்றும் சொல்லி எழுந்தார்.

ஜீப் கிளம்பத் தயாரானது. அதன் பின்னால் போவதற்குப் பிரியம்வதாவின் பழைய காரை அசோக்குமார் எடுத்துவந்து நிறுத்தினான். சின்னத்தாய் தயங்கித் தயங்கிப் பின்கதவுப் பக்கம் போனார். பிரியம்வதா முன்கதவைத் திறந்து பிடித்தார்.

“இங்க வாங்க. எங்கிட்டுத் திரும்பணும்னு அவனுக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்.”

சின்னத்தாய் உட்கார்ந்து சேலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை பிடித்திருந்து, கதவைச் சாத்தினார். பிறகு பின்னால் போய், முத்திருளனை முழங்கையால் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, மாணவர்களுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்தார்.