இட்லித் தட்டில் மிஞ்சிய ஸ்க்ரூ

பெட்டியில் வரும் விமானத்தைப் பூட்டிக் கொடுக்கும் தொழிலில் ஒரு பாகம் குறைந்தால் சமாளித்துவிடலாம். ஒரு பாகம் மிஞ்சினால்தான் தூக்கம் போய்விடும்.

நான் சொல்வது ரிமோட்டில் பறக்கும் பேட்டரி ஜெட். இரண்டு முழ நீளம், உடம்பெல்லாம் ஃபோம், வயிற்றுக்குள் ஒரு சின்ன ஃபேன். அது முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும், விமானம் சீறிக்கொண்டு போகும். ஆசையாக வாங்கிவிடுவார்கள். இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், பொட்டலம் பொட்டலமாக ஸ்க்ரூ என்று பெட்டிக்குள் பார்த்ததும் அப்படியே மூடிப் பாலக்கரையில் என் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்தவள் நான். பொடி வேலைக்குக் கை பழகிவிட்டது, மனசுதான் பழகவில்லை. கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி, உட்காருங்கள்.

ஈட்டுக்கு எட்டு

இந்த ஸ்க்ரூக்கள் கடுகுக்கு அண்ணன், மிளகுக்குத் தம்பி. ஒன்று கீழே விழுந்தால் வீட்டையே பெருக்கிச் சலிக்க வேண்டும். டப்பா, மூடி, தீப்பெட்டி எல்லாம் வைத்துப் பார்த்தேன், எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் கைக்குக் கிடைத்தது இட்லித் தட்டு. வாலுக்கு ஒரு குழி, இடது இறக்கைக்கு ஒரு குழி, வலதுக்கு ஒரு குழி, மூக்குக்கு ஒரு குழி. வேலை முடியும்போது எல்லாக் குழியும் காலியாக இருக்க வேண்டும். இருந்தால் விமானம் சரி, நானும் நிம்மதி.

ஒரு தட்டு போதாமல் இரண்டாவதையும் எடுத்தேன். பசையும் கிரீஸும் பட்ட தட்டில் மாவு ஊற்ற முடியாது இல்லையா? என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டர், கருவிகளின் அருமை தெரிந்தவர் என்று நினைத்திருந்தேன். குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இனிமே ஈட்டுக்கு எட்டு இட்லிதான். விருந்தாளி வந்தா நீயே பதில் சொல்லிக்க."

மூன்று விநாடி

ராகவன் சார் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரில் ஆறு மாதம் ஓட்டிப் பழகி, மெதுவாகப் போகும் விமானங்கள் இரண்டை ஒழுங்காக ஓட்டி இறக்கி, அதற்கப்புறம்தான் ஜெட் வாங்கினார். அவ்வளவு நிதானம். பெட்டியை என்னிடம் கொடுத்தபோது, அதில் எத்தனை பாகம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்.

ஜீயபுரம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் வயல் உண்டு. அறுவடை முடிந்ததும் பறக்கவிட அவர் இடம் தருவார். இந்த ஜெட்டுக்குச் சக்கரம் கிடையாது. ஒருவர் கையில் பிடித்து வீச வேண்டும், இறங்கும்போது வயிற்றால் தரையைத் தேய்த்துக்கொண்டு இறங்கும். வீசுவதற்கு ஜமால் பாய் வந்தார். அவர் பாலக்கரையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். நான் பூட்டும் விமானங்களை முதல் தடவை பறக்கவிட்டுப் பார்ப்பதும் அவர்தான். அன்றைக்கு மட்டும் ராகவன் சார் தானே ஓட்டுவதாகச் சொன்னார்.

பாய் வீசினார். ஜெட் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. சட்டென்று மூக்கைத் தொங்கப்போட்டு வரப்பில் போய்க் குத்தியது. அள்ளிக்கொண்டு வர ஒரு சாக்கு தேவைப்பட்டது. சார் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு எனக்கு ஆறுதல் சொன்னார்: "என் கைதான் நடுங்கியிருக்கு செல்வி. உங்க மேல தப்பே இல்லை, மனசுல வெச்சுக்காதீங்கோ."

வால் குழி

வீட்டுக்கு வந்து மேஜையைத் துடைத்தேன். இட்லித் தட்டை நகர்த்தியபோது 'கிணிங்' என்று ஒரு சத்தம். வால் குழியில் ஒரே ஒரு ஸ்க்ரூ. விமானத்தின் வாலை ஏற்றி இறக்குவது ஒரு குட்டி மோட்டார். வாலைத் தள்ளும் அதன் பிளாஸ்டிக் கையை முதலில் அழுத்தி மாட்டி, ரிமோட்டை வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக இந்த ஸ்க்ரூவைப் போட வேண்டும். நேர் பார்த்தது ஞாபகம் இருந்தது. கீழே சிலிண்டர் வந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள், இறங்கிப் போனேன். திரும்பி வந்து, குழியைப் பார்க்காமலே வாலை மூடிவிட்டேன். ஸ்க்ரூ இல்லாத கை தரையில் நன்றாகத்தான் ஆடும். காற்று அழுத்தியதும் கழன்றுவிடும். அப்புறம் யார் ஓட்டினாலும் விழத்தான் விழும்.

சாருக்கு உடனே போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், "கவலைப்படறேளா? நான் இனிமே ஓட்டப்போறதில்லை, விடுங்கோ" என்று அவரே முடித்துவிட்டார். "சரி சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கேவலம்தான். என் கைத்தப்பால் ஒரு ஜெட் விழுந்தது என்று ஊரில் தெரிந்தால் யார் பெட்டி கொண்டுவருவார்கள் என்ற பயம். மறுநாள் ஜமால் பாயிடம் மட்டும் ஸ்க்ரூவைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இன்னிக்குச் சொன்னா ரெண்டு திட்டு, தங்கச்சி. மாசம் கழிச்சுச் சொன்னா எத்தனைன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

எலுமிச்சம்பழம்

மாசம் கழிந்தது. மாசங்கள் கழிந்தன. நான் சொல்லவில்லை. வேலை மட்டும் வந்துகொண்டிருந்தது. எதைப் பூட்டினாலும் மூன்று தடவை பிரித்துப் பார்க்கும் வியாதி எனக்குப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் லாரி பட்டறை வைத்திருக்கும் ஒருவர், தன் ஜெட்டைப் பறக்கவிட இரண்டு எலுமிச்சம்பழத்தோடு வயலுக்கு வந்தார். எந்தப் புது வண்டியும் எலுமிச்சம்பழம் நசுக்காமல் அவர் பட்டறையைத் தாண்டியதில்லையாம். "இதுக்குச் சக்கரமே இல்லையேங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் பேட்டரி பக்கத்தில் உள்ளே வைத்துவிடலாம் என்றார். எனக்குப் பதறிவிட்டது. இறக்கைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் தராசு மாதிரி நேராக நிற்க வேண்டும். அதற்காகப் பேட்டரியை ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே என்று அரை நாள் நகர்த்தியிருக்கிறேன். அதில் போய் இரண்டு பழமா!

கெஞ்சிக் கூத்தாடிப் பழங்களை வரப்பில் வைக்கச் சொன்னேன். நான் பேட்டரி மூடியை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் காற்றுப் போகும் வாயில் ஒரு முழம் மல்லிகையைச் செருகிவிட்டார். பாய் ஃபேனை முடுக்கினார். 'ஙொய்' என்று ஒரு சத்தம், பின்பக்கமிருந்து பூவெல்லாம் பொடியாகப் பறந்து பாயின் தாடியில் ஒட்டியது. ஃபேனில் சுற்றிக்கொண்ட நாரைக் குறடால் ஒவ்வொரு இழையாக எடுத்தேன், எனக்கு வேர்த்து ஊற்றியது. பட்டறைக்காரருக்கு மட்டும் பரம சந்தோஷம்: "அதுவே பூ தூவிக்கிச்சு பாத்தீங்களா மேடம்? இனிமே ஒண்ணும் ஆகாது!"

இரண்டாவது பெட்டி

ஒரு வருஷம் ஓடியிருக்கும். ஒரு காலையில் ராகவன் சார் மாடிப்படி ஏறி வந்தார். கையில் அதே மாதிரி ஜெட், புதுப் பெட்டி. அவரைப் பார்த்ததும் எனக்குக் காபி போடக்கூடத் தெரியவில்லை, சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். டம்ளரை நீட்டினேன். "பாதி போறும்" என்றார். ஏன் சார் என்றேன்.

அன்று வயலில் நடந்ததிலிருந்து கையை நம்புவதில்லையாம். ஸ்கூட்டரை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாராம். டாக்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாராம், இவர்தான் நம்பவில்லை. மாமி இப்போதெல்லாம் டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லையாம். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தவறுதலாக விளிம்பு வரை ஊற்றியிருந்தேன். பேசிக்கொண்டே அதை எடுத்துக் குடித்தார், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். எனக்கு அழுகை வந்தது. சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, நான் இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டேன். அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார்: "பாய் ஓட்டட்டும். நான் பக்கத்துல நின்னு பார்த்தா போறும், எனக்கு அது போறும்."

மூன்று தடவை போதாது

அந்த ஜெட்டைப் பூட்ட ஒன்பது நாள் ஆனது. மற்றவர்களுக்கு மூன்று நாளில் கொடுத்துவிடுவேன். சிலிண்டர்காரர் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. வால் ஸ்க்ரூவைப் போட்டு, போன் கேமராவில் படம் எடுத்து, மறுபடி கழற்றி, மறுபடி போட்டேன். தீப்பிடித்தாலும் பரவாதபடி பேட்டரியை மண்சட்டிக்குள் வைத்துச் சார்ஜ் போட்டு, அது ஏறி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு இட்லித் தட்டின் எட்டுக் குழியையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

விமானம் சரியாகிவிட்டது, நான்தான் சரியாகவில்லை. பாய் ஓட்டி இது நன்றாகப் பறந்துவிட்டால், சார் தன் கைதான் குற்றவாளி என்று சத்தியமாகவே நம்பிவிடுவார். அது விழுவதைவிடப் பறப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இது எதுவும் தெரியாத என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து, நான் வாலைப் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் செல்வி, இதுல நாமளா ஏறிப் போகப் போறோம்?"

ஜீயபுரம், ஞாயிற்றுக்கிழமை

காலை வெயில் ஏறுவதற்குள் வயலுக்குப் போய்விட்டோம். ரிமோட் பாயின் கழுத்தில் தொங்கியது. வீச வேண்டியது நான். விமானம் என் கையில், ஃபேன் சுற்றத் தொடங்கவில்லை. சார் நாலடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கட்டிய கையைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. விமானத்தை வரப்பில் வைத்தேன். "சார், போன வருஷம் அது விழுந்தது உங்களால இல்ல. வால்ல ஒரு ஸ்க்ரூ போட மறந்துட்டேன். அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

சார் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "ஒரு வருஷம்" என்றார். மறுபடியும், "ஒரு வருஷம் செல்வி" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கையை நீட்டி ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். வரப்பில் உட்கார்ந்து, வகுப்பில் பேர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கிப் பார்த்தார். அரைமணி நேரம். என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு எழுந்து போய்ப் பாயின் கழுத்திலிருந்து ரிமோட்டைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "நீங்க வீசுங்கோ பாய்" என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அது ஏறியது. ஏறிக்கொண்டே போனது. வாழைத்தோப்புக்கு மேலே திரும்பி, எங்கள் தலைக்கு மேல் சீறிக்கொண்டு வந்தது. நாலு நிமிஷப் பேட்டரி. நான் வானத்தைப் பார்க்கவில்லை, அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு அசைய வேண்டுமோ அதற்கு மட்டும் அசைந்தன. ஜெட், நெல் அறுத்த தாள்மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கி, அவர் காலுக்குப் பத்தடி தள்ளி நின்றது. அவர் அதை எடுக்கப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார், கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது: "கிழவனாயிட்டேன்னு நானே நம்பிட்டேன். அடுத்த தடவை தப்புப் பண்ணினா அன்னிக்கே சொல்லுங்கோ."

அந்த 'அடுத்த தடவை'யில் இருந்தது மன்னிப்பா, மூன்றாவது பெட்டியா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் ஒரு கவலை தீர்ந்த கையோடு அடுத்ததைப் பூட்டத் தொடங்குவதுதான் எங்கள் தொழில்.